கண் படக் கூடாத மாங்காய்

முனிரத்தினம் மாமா தன் புது பைக்கின் ஹெட்லைட்டுக்குக் கவர் போட்டிருந்தார்.

பைக் கவர் அல்ல. மாங்காய்க் கவர்! மரத்தில் தொங்குகிற காய்க்கு மாட்டிவிடும் பழுப்புக் காகிதப் பை. நாலைந்து கவர்களைப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஹெட்லைட்டைச் சுற்றி நூலால் இறுக்கியிருந்தார்.

"ராத்திரியில எப்படி மாமா ஓட்டுவீங்க?"

"ராத்திரில யாரு பாக்கப் போறாங்க? அப்ப கயட்டிட்டுத்தான் ஓட்டுவேன்."

அந்தப் பதிலிலேயே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அவசரக்காரி இல்லையா? உடனே போட்டோ எடுத்து எங்கள் தலைமை அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'நம் கவருக்கு விவசாயிகளிடம் அமோக வரவேற்பு!' கூடவே பூங்கொத்து இமோஜி.

வந்தது வினை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வணிக ரீதியாகப் பழமும் காய்கறியும் பயிரிடுகிறவர்களுக்கு தேசிய அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து அதன் கள அலுவலர் நான். ஆபீஸ், திருப்பதியில் ஒரு செல்போன் கடையின் மாடி. ஆபீஸ் வாகனம், என் சொந்த ஸ்கூட்டி. சங்கத்தின் முழுப்பெயர் அவ்வளவு நீளம் — விசிட்டிங் கார்டில் அதை அச்சடித்த பிறகு என் பெயருக்கு ஓரமாக நின்றுகொள்ளத்தான் இடம் கிடைத்தது.

சங்கம் என்ன செய்யும்? எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்.

கடன் கொடுக்குமா? கொடுக்காது. மானியம்? அது அரசாங்கத்தின் வேலை. அப்புறம் எதற்கம்மா இந்தச் சங்கம்?

நியாயமான கேள்வி. தனி ஒருவர் போய்த் தட்டினால் திறக்காத கதவுகள் சில இருக்கின்றன. எல்லாருமாகச் சேர்ந்து போய்த் தட்டுவதுதான் எங்கள் வேலை. கவரா? ஒருவர் வாங்கினால் கடை விலை. ஊரே வாங்கினால் கம்பெனிக்காரரே லாரியோடு வருவார். மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பழத்தைச் சோதிக்கும் லேப், பழத்தைக் கழுவித் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பேக்ஹவுஸ், ஏற்றுமதி விதி ஒன்று கோணலாக வந்தால் டெல்லி வரைக்கும் போய் மல்லுக்கு நிற்பது — எல்லாம் கும்பலாகப் போனால்தான் நடக்கும்.

ஆனால் விவசாயிகளைக் கும்பலாகச் சேர்ப்பது... பூனைகளை வரிசையில் நிற்கவைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

மாமாவிடம் வருகிறேன். என் அம்மாவுக்கு அண்ணன் முறை. பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மாந்தோப்பு. அத்தனையும் பேனிஷா. பங்கனப்பள்ளியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவரும் கன்னியம்மா அத்தையும் கல்யாணமான புதிதில் நட்ட மரங்கள். போர் போடுவதற்கு முன்னால், அத்தை குடம் குடமாகச் சுமந்து ஊற்றியவை.

போன வருஷம் அந்தத் தோப்பில் கிளை தாங்காத காய்ப்பு. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர் வெங்கடாத்ரி நாயுடு. நல்ல மனுஷர். மாமாவை 'பாவா' என்றுதான் கூப்பிடுவார் — மச்சான் முறை கொண்டாடுகிற தெலுங்குப் பிரியம். அவர் ஒரு நாள் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்து, மனசாரச் சொன்னார்:

"பாவா, காப்பு பலே உந்தய்யா!"

பிரமாதமான காய்ப்பு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்து மாமா பழத்தை மண்டிக்குக் கொண்டுபோனபோது வியாபாரி ஒரு பழத்தை அறுத்தார். உள்ளே புழு. இன்னொன்று அறுத்தார். அதிலும் புழு, குடும்பத்தோடு. டிராக்டர் லோடு முழுவதையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். மாமா அத்தனையையும் ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வெறும் டிராக்டரோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அத்தை போனில் அழுதார்.

"ஈ, மாமா! பழ ஈ! அது காயில முட்டை வைக்கும், முட்டையில இருந்து புழு வரும்" என்று நான் படம் வரைந்து விளக்கினேன்.

"சரி பாப்பா. ஈதான். ஈய அனுப்பிச்சது யாரு?"

"யாரும் அனுப்பல மாமா..."

"அந்த நாயுடு வாயத் தொறந்தான் பாரு, 'பலே உந்தி'ன்னு... அன்னிக்கே மரம் மூஞ்சி சுண்டிப்போச்சு. நான் கண்ணால பாத்தேன்."

மரத்துக்கு மூஞ்சி எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த வாரமே அவர் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். இன்னும் ஒரே ஒரு போகம் பார்ப்பாராம். அதுவும் மண்டியில் திரும்பினால் தோப்பையே வெட்டி மர வியாபாரிக்குக் கொடுத்துவிடுவாராம். வியாபாரி வந்து ஒவ்வொரு மரத்தையும் கயிற்றால் சுற்றி அளந்துவிட்டும் போனார். அந்த ஆள் அளக்க அளக்க, அத்தை கிணற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இந்த வருஷக் காய்ப்பு தொடங்கியபோது நான் கவரோடு போய் இறங்கினேன்.

காய்க்குக் கவர் போட்டால் ஈ அண்டாது. வெயில் சுடாது. தோல் புள்ளியில்லாமல், ஒரே மாதிரி மஞ்சளாகப் பழுக்கும். பேக்ஹவுஸில் இதற்குத் தனி விலை. இதைச் சொன்னபோது மற்ற விவசாயிகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஒவ்வொரு காய்க்கும் சட்டை போடறதா? கொயந்தைக்கே ஒயுங்கா போட முடியல." மாமா மட்டும் கவரை வாங்கி விரித்தார். உள்ளே கையை விட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கறது வெளிய தெரியாதா?"

"கொஞ்சங்கூடத் தெரியாது மாமா!"

"குடு."

எப்பேர்ப்பட்ட முற்போக்கு விவசாயி என்று நான் புல்லரித்துப்போனேன். சீக்கிரமே பூத்த முன்பூவில் வந்த காய் அத்தனைக்கும் ஏணி போட்டு ஏறிக் கவர் கட்டினார். அதோடு விட்டாரா? பலாக்காய்க்குக் கோணிப்பை. பப்பாளிக்கு அத்தையின் பழைய பாவாடை. கோழி அடைகாக்கிற கூடைக்கு ஒரு கவர். கடைசியில், ஹெட்லைட்.

என் போட்டோவைப் பார்த்த தலைமை அலுவலகம் சொக்கிப்போனது. 'இந்தத் தோப்பிலேயே ஃபீல்டு டே நடத்துவோம். சுற்று வட்டார விவசாயிகள் எல்லாரும் வந்து கண்ணால் பார்க்கட்டும். பார்ப்பதுதான் நம்புவது!' என்று மெயில் வந்தது. துணைத் தலைவர் ஜாதவ் சாரே நேரில் வருகிறார். நாசிக் பக்கத்துக்காரர், திராட்சை விவசாயி.

அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. பேக்ஹவுஸ் இருப்பது ரேணிகுண்டா பக்கம். அங்கிருந்து பாலசமுத்திரத்துக்கு வண்டி வரவேண்டுமென்றால் குறைந்தது பதினைந்து விவசாயிகளாவது கவர் போட ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் அன்றைக்கே. பின்பூவில் வந்த காய்கள் முட்டை அளவுக்கு வந்துவிட்டன. இதற்கு மேல் தள்ளினால் கவர் போட்டுப் பிரயோசனம் இல்லை. பதினைந்து பேர் சேராவிட்டால்? வண்டி வராது. மாமா பாடுபட்டுக் கவர் கட்டிய காயும் மண்டியில் மற்ற காயோடு ஒரே குவியலில் விழும். அப்புறம் கயிறு வைத்து அளந்தவர் ரம்பத்தோடு வருவார்.

மாமாவிடம் நான் சொன்னது: "மீட்டிங் இருக்கு மாமா, உங்க தோப்புல." எதைப் பார்ப்பதற்கான மீட்டிங் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? கல்யாணத்துக்குக் கூப்பிடும்போது 'அங்கே மாப்பிள்ளையைப் பார்ப்பீர்கள்' என்றா சொல்கிறோம்?

அன்று காலை புத்தூர், கார்வேட்டிநகரம் வழியாக ஜாதவ் சார் காரில் முன்னே வர, நான் ஸ்கூட்டியில் பின்னே போனேன். தோப்பு வாசலில் ஷாமியானா. போண்டாவும் மோரும் தயார். நுழைவாயிலில் பூசணிக்காய், அதில் பல்லிளித்த ஒரு முகம். முதல் மரத்தில் எலுமிச்சையும் மிளகாயும் மாலையாக. அதன் பக்கத்தில் வைக்கோல் பொம்மை ஒன்று. சட்டித் தலை, ஒரு முழ நாக்கு, பெரிய மீசை. மேலே எங்கள் சங்கத்தின் டி-ஷர்ட்டும் தொப்பியும்! மாமாவுக்கு நான் ஆசையாகக் கொடுத்தவை.

ஜாதவ் சார் அதை மரியாதையோடு உற்றுப் பார்த்தார்.

"இவர் லோக்கல் கமிட்டி மெம்பரா?"

"கௌரவ உறுப்பினர் சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

கூட்டம் நன்றாகவே சேர்ந்திருந்தது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் வைத்து வந்திருந்தார்கள். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, போண்டா பொது மொழி. ஜாதவ் சார் ஆங்கிலத்தில் பேச, நான் ஒரு தடவை தெலுங்கிலும் ஒரு தடவை தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். கடைசியில் அவர் உற்சாகமாகக் கையை விரித்தார்.

"இனி பேச்சு வேண்டாம். வாருங்கள், கவரைத் திறந்து காயைப் பார்ப்போம்!"

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மாமா வந்து மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். இரண்டு கையையும் விரித்து, கோல்கீப்பர் மாதிரி.

"இன்னா பாப்பா இது? இத்தினி பேரும் என் காயப் பாக்கறதுக்கா வந்துகீறாங்க?"

"ஆமாம் மாமா, ஃபீல்டு டேன்னா அதுதானே..."

"நான் கவர் போட்டதே யாரும் பாக்கக்கூடாதுன்னுதானே!"

"பூச்சிக்கு மாமா! பூச்சி வரக்கூடாதுன்னு!"

"பூச்சியும் வரக்கூடாது. நாயுடு கண்ணும் வரக்கூடாது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வந்தவங்களுக்குப் போண்டா குடு, மோர் குடு. காயப் பத்திப் பேசு. போட்டோ காட்டு... ஐய, போட்டோவும் வேணாம். அதுலயும் கண்ணு படும்."

அந்த இடத்தில், வாசகர்களே, என் தலைக்குள் ஒரு ஹெட்லைட் எரிந்தது. கவர் இல்லாமல்.

"என்ன சொல்கிறார்?" என்றார் ஜாதவ் சார்.

"சார்... இது கொஞ்சம் சென்சிடிவான கட்டமாம்."

"யாருக்கு? காய்க்கா, அவருக்கா?"

நான் விழிப்பதைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "நஜர்?"

திருஷ்டிக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். தலையாட்டினேன். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவருடைய திராட்சைத் தோட்டத்தில் ஒரு பழைய கறுப்பு ஷூ தொங்குகிறதாம். ஏற்றுமதி இன்ஸ்பெக்டர் 'இது எதற்கு' என்று கேட்டபோது, 'எலிக்கு' என்று சொல்லிச் சமாளித்தாராம்.

"எனக்குப் புரிகிறது. ஆனால் பேக்ஹவுஸ்காரருக்குப் புரியாதே! பதினைந்து பேர் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வண்டி வராதும்மா. காயைக் காட்டாமல் இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பாய்?"

எப்படி? நாயுடுவைப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசி வரிசையில், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் கண்ணைப் பற்றி ஊரில் என்ன பேச்சு என்று அவருக்கும் தெரியும். போன வருஷத்திலிருந்து அவர் யார் தோப்புப் பக்கமும் தலை நிமிர்ந்து நடந்ததில்லை.

கடைசியில் வாயைத் திறந்தது அத்தைதான். மோர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நேராக மாமாவிடம் வந்தார்.

"யோவ்! நாளைக்கு மரத்தையே வெட்டி விக்கப்போற மனுசனுக்கு, இன்னிக்குக் காய் மேல கண்ணு பட்டா இன்னா, படலன்னா இன்னா?"

மாமாவின் கைகள் மெல்ல இறங்கின. ஏணியை எடுத்து மரத்தில் சாய்த்தார். ஏறினார். கைக்கு எட்டிய ஒரு கவரின் கம்பியை, சின்னக் குழந்தையின் அரைஞாணை அவிழ்ப்பது போல அவிழ்த்தார்.

கவர் கழன்றது.

சரக்கென்று ஒரு சத்தம். கூட்டம் மொத்தமும் திரும்பி நின்றுகொண்டது!

முதுகு. எங்கே பார்த்தாலும் முதுகு. வெள்ளைச் சட்டை முதுகு, கோடு போட்ட முதுகு, துண்டு போட்ட முதுகு. கூலிங் கிளாஸ் போட்டிருந்த ஒருவர்கூடத் திரும்பிவிட்டார். வேன் ஏறி, வெயிலில் வந்து, போண்டா தின்று, காயைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் காய்க்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். உலகத்தில் வேறெங்காவது ஒரு கண்காட்சி இப்படி நடந்திருக்குமா?

"அண்ணே, திரும்புங்கண்ணே! உங்களுக்காகத்தான் திறந்திருக்கு!" என்று கெஞ்சினேன்.

"நீ போம்மா. நாளைக்கி இந்த மரத்துல ஒரு காய் உயுந்தாக்கூட, 'அன்னிக்கி அவன் பாத்தான்'னு என் பேர்தான் வரும். நாயுடு படற பாடு பாக்கலியா?"

"பாக்காத போனா எப்படித் தெரியும்ணே?"

"நீ பாத்து சொல்லு. நீ சம்பளத்துக்குப் பாக்கறவ. உனக்கு தோஷம் இல்ல."

சரி என்று கிரிக்கெட் கமென்ட்ரியில் இறங்கினேன். "தோல் வழவழன்னு இருக்கு... ஒரு புள்ளிகூட இல்லை... இளமஞ்சளா, வெண்ணெய் மாதிரி நிறம்... அடடா!" முதுகுகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டன. ஒரு முதுகு மட்டும் முணுமுணுத்தது. "சங்கத்துப் பொண்ணு சங்கத்துக் காயை நல்லால்லன்னா சொல்லும்?"

ஜாதவ் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வெறுங்கையைப் பிசைந்துகொண்டேன். ஏணி மேல் மாமா, திறந்த காயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நின்றார். கிடைத்த ஒரு வாய்ப்பும் முதுகு முதுகாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து நாயுடு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை உருவினார். கண்களை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவி, ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஏணிப் பக்கம் வந்து சேர்ந்தார்.

"பாவா! என் கண்ணுதானே உனக்கு ஆகல? கண்ணு ஒத்து. செய்யி சாலு!"

கண் வேண்டாம், கை போதும் என்கிறார்.

எங்கள் பக்கத்து மண்டிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைத் தொட்டால் ஒரு தொகை, மடக்கினால் ஒரு தொகை. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு பேரின் முகம் மட்டுமே. நாயுடு நீட்டிய துண்டு அந்த வேலைக்குத்தான்.

மாமா ஏணியிலிருந்தே அத்தையைப் பார்த்தார். அத்தை கேட்டார்: "கைக்கு ஏதுய்யா திருஷ்டி?"

இதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் பதில் இல்லை போலிருக்கிறது. மாமா காயைக் காம்போடு அறுத்து, மடியில் மறைத்துக்கொண்டு இறங்கினார். துண்டு விரிந்தது. அதற்கடியில் மாமாவின் கை, மாங்காய், நாயுடுவின் கை.

'இனி திரும்பலாம்' என்று நான் சொன்னதும் முதுகுகளெல்லாம் முகங்களாயின. நாயுடுவின் கை துண்டுக்குள் ஊர்ந்தது. திடீரென்று மாமாவின் முகம் சிவந்தது.

"யோவ், இன்னாய்யா... வெல கேக்கற?"

நாயுடு நெளிந்தார். "தப்பா நெனச்சுக்காத பாவா. துண்டுக்குள்ள கை போனா விரல் தானா பேசுது."

"அதுக்காக இவ்ளோ கம்மியாவா கேப்ப?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். போன வருஷத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நாயுடு மறுபடி தடவினார். இந்த முறை காயை. காம்பில் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, மூக்கு வரைக்கும். ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்கத் தடையில்லையே!

"ஈ குத்துன தடம் லேது. பால் வடிஞ்ச சொரசொரப்பு லேது. கன்னுக்குட்டி மூக்கு மாதிரி கீது பாவா." கையை வெளியே எடுத்துக்கொண்டு, என் பக்கம் கையை நீட்டினார். "பாப்பா, எனக்கு கவர் குடு."

அப்புறம் என்ன? வரிசை! மாங்காய் தடவ வரிசை. ஒவ்வொருவரும் கையைக் கழுவிவிட்டு வந்து — இதை யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே கழுவினார்கள் — துண்டுக்குள் கையை விட்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்று, 'ம்ம்...' என்று தலையாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பதினைந்து பேர் என்ற கணக்கு சாப்பாட்டுக்கு முன்பே தாண்டிவிட்டது. நான் கொண்டுபோன கவர்கள் போதவில்லை. ஜாதவ் சாரும் வரிசையில் நின்று தடவினார். அவர்தான் கண்ணால் பார்த்துவிட்டாரே? "பார்த்ததைவிட இது நன்றாக இருக்கிறது" என்றார்.

இத்தனை கைகள் தடவிய அந்த மாங்காய் கடைசியில் துண்டிலிருந்து வெளியே வந்தபோது... அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எந்த ஜூஸ் ஃபேக்டரிக்கும் போகாமலே கூழாகியிருந்தது. அத்தை அதைப் பருப்பில் போட்டுக் கடைந்துவிட்டார்.

தலைமை அலுவலகத்தில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்கிறீர்களா? 'தொடு உணர்வு வழி செயல்விளக்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற மாநிலங்களிலும் முயன்று பார்க்கப் போகிறார்களாம். போன வாரம் என் மாடி ஆபீசுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், கட்டுக் கட்டாகத் துண்டு! ஒவ்வொன்றின் ஓரத்திலும் சங்கத்தின் முத்திரை. விவசாயிகளுக்கு எங்கள் உதவிகளில் இது லேட்டஸ்ட்.

வியாழக்கிழமை பேக்ஹவுஸ் வண்டி பாலசமுத்திரத்துக்கு வந்தது. முதல் லோடு, மாமாவின் முன்பூக் காய்கள். டிரைவர் ஒரு கவரைப் பிரித்துப் பார்க்கப்போனபோது, "வண்டி ரேணிகுண்டா போனப்புறம் பிரிச்சுக்கோப்பா" என்று மாமா அதட்டி ஏற்றினார். சாயங்காலம் பேக்ஹவுஸிலிருந்து போன் வந்தது. பழம் அத்தனையும் தேறியது. புழு ஒன்றுகூட இல்லை. மர வியாபாரிக்கு அத்தையே போன் போட்டார். "அளந்த கயித்த வேற எங்கனா வெச்சுக்கோ" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

நேற்று தோப்புக்குப் போனபோது மாமா வேலியோரம் நின்று, நாயுடுவின் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கிளைக்குக் கிளை கவர்.

"பாப்பா... அவன் கவரு பெருசு பெருசா கீது?"

"எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் மாமா. நான்தானே கொடுத்தேன்."

"அப்ப உள்ள காய்தான் பெருசா கீது." பெருமூச்சு விட்டார். "இன்னா துன்ன வெச்சானோ மரத்துக்கு..."

அங்கிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் பார்த்தேன். தோப்புக்குத் தோப்பு கவர். வேலிக்கு வேலி ஒரு ஆள் நின்று அடுத்த தோப்பை முறைத்துக்கொண்டிருந்தார். எந்தக் கவருக்குள் என்ன காய்ப்பு என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள்.

எங்கள் சங்கம் தந்த எந்த உதவியும் இத்தனை பாரபட்சமில்லாமல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை!